படிப்பு எப்போது உயிரைக் காக்கிறது?

1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளில் 100க்கு 18 பேர் ஐந்து வயதுக்குள் இறந்துபோனார்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அலசிய சாமுவேல் பிரஸ்டன், மைக்கேல் ஹெய்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்களின் கண்ணில் ஒரு விநோதம் பட்டது. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறந்துகொண்டிருந்தார்கள். நாட்டின் சராசரியைவிட அந்த வீடுகளில் சாவு வெறும் 6 சதவீதம்தான் குறைவு. நாட்டிலேயே அதிகம் படித்தவர்கள், அதிலும் உடம்பைப் பற்றிப் படித்தவர்கள், தங்கள் வீட்டுத் தொட்டிலைக் காப்பாற்ற முடியாமல் நின்றார்கள். 1920களின் நடுவில் கணக்கு மாறிவிட்டது. டாக்டர் வீடுகளில் குழந்தைச் சாவு சராசரியைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது.

இடையில் என்ன நடந்தது? கிருமிகளைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்திலிருந்து அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே காட்டிவிட்டார். ஆனால் பால் புட்டியைக் கொதிக்கும் நீரில் போட வேண்டும், கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே படுக்கவைக்க வேண்டும் என்று அது வீட்டுப் பழக்கமாக மாற இன்னும் பல வருஷங்கள் பிடித்தன. அப்படி மாறத் தொடங்கியதும் அதை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் படித்தவர்கள். அதற்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரபுக் குடும்பங்களின் ஆயுள்கூடச் சாதாரண ஜனங்களின் ஆயுளைவிடக் கூடுதலாக இருக்கவில்லை. சொத்தும் படிப்பும் வீட்டு ஆசிரியர்களும் இருந்தும் அம்மைக்கு முன்னால் எல்லாரும் ஒன்றுதான்.

படித்தவர்கள் நீண்ட நாள் வாழ்வார்கள் என்பதை இயற்கை விதி மாதிரி சொல்லும் வழக்கம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அது விதியாகத் தெரியவில்லை. ஆயுளை நீட்டும் ஒரு புது விஷயம் உலகத்துக்கு வரும்போது, அதைச் சீக்கிரம் எட்டிப் பிடிக்கும் திறனைத்தான் படிப்பு தருகிறது என்று நான் நினைக்கிறேன். இந்தக் கோணத்தில் பார்த்தால், ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தெரியும் பல ஆய்வு முடிவுகள் ஓரளவு ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

முதலில் இன்றைய நிலவரம். 59 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2024இல் பிரிட்டனின் பிரபல மருத்துவ இதழான லான்செட்டின் குழும இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, ஒருவர் படிக்கும் ஒவ்வொரு கூடுதல் வருஷத்துக்கும் அவர் இறக்கும் அபாயம் சராசரியாக 1.9 சதவீதம் குறைகிறது என்கிறது. பள்ளிக்கே போகாதவரையும் 18 வருஷம் படித்தவரையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 34 சதவீதம். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் படிப்பு பேசுகிறது. 2021இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வின்படி, தாயின் ஒவ்வொரு கூடுதல் வருஷப் படிப்புக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் இறப்பு சுமார் 3 சதவீதம் குறைகிறது. தகப்பனின் படிப்புக்குக் கிடைக்கும் பலன் அதில் பாதி. 1970க்கும் 2009க்கும் இடையில் 175 நாடுகளில் குறைந்த குழந்தை இறப்புகளில் பாதிக்குச் சற்று மேல், அதாவது ஆண்டுக்கு 42 லட்சம் உயிர்கள், பெண்கள் கூடுதலாகப் படித்ததோடு தொடர்புடையவை என்று 2010இல் ஒரு மதிப்பீடு வந்தது.

தாயின் படிப்புக்கு ஏன் இவ்வளவு பலம்? 1970கள் வரை பலர் இதை எளிதாக விளக்கிவிட்டார்கள். படித்த பெண் வசதியான வீட்டில் இருப்பாள், அதனால் பிள்ளை பிழைக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல் 1979இல் நைஜீரியத் தரவுகளை வைத்து அதை மறுத்தார். கணவனின் வேலை, படிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தாயின் படிப்பு தனியாக வேலை செய்தது. படித்த பெண்ணுக்கு வீட்டில் பேச்சு எடுபடுகிறது என்பது அவருடைய முக்கியமான விளக்கம். பிள்ளைக்கு ஜுரம் அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவு மாமியாரிடமும் கணவனிடமும் மட்டும் இல்லாமல் அவளிடமும் வருகிறது. மருந்து கொடுத்தும் ஜுரம் குறையாவிட்டால் டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்கும் துணிச்சலும் வருகிறது. இரண்டாவது முறை போவதுதான் பல நேரம் பிள்ளையைக் காப்பாற்றும்.

ஆனால் பள்ளியில் இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையே? மொராக்கோவில் 1990களின் தொடக்கத்தில் திரட்டிய தரவை வைத்துப் பால் க்ளூவி என்ற பொருளாதார அறிஞர் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் கண்டது: தாயின் படிப்பு பிள்ளையின் உடல்நலத்துக்குப் போய்ச் சேரும் வழி, தாய்க்கு இருக்கும் உடல்நல அறிவு. அந்த அறிவு பள்ளிப் பாடத்தில் கிடைத்ததல்ல. பள்ளியில் கற்ற எழுத்தையும் கணக்கையும் வைத்து, பள்ளியைவிட்டு வந்த பிறகு அவள் வெளியிலிருந்து திரட்டிக்கொண்டது.

மானுடவியலாளர் ராபர்ட் லெவைனும் அவருடைய குழுவினரும் மெக்சிகோ, நேபாளம், வெனிசுவேலா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் இதை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்கள். தாய்மார்களுக்கு வானொலி உடல்நல அறிவிப்புகளை ஒலிபரப்பி, என்ன புரிந்தது என்று கேட்டார்கள். சில வருஷம் மட்டுமே, அதுவும் சுமாரான பள்ளிகளில் படித்துவிட்டு எப்போதோ நின்றுவிட்ட பெண்களும், பள்ளிக்கே போகாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர், நமக்கென்று இல்லாமல் பொதுவாகப் பேசுவதை உட்கார்ந்து கேட்டு, அதிலிருந்து நம் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது தானாக வந்துவிடுவதில்லை. வகுப்பறை என்பது அதற்கான பல வருஷப் பயிற்சி. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எப்போது தொடங்கியது, எத்தனை முறை பேதி ஆனது, என்ன கொடுத்தோம் என்று வரிசையாகச் சொல்வதும் அதே பயிற்சியின் மறுபக்கம்தான். நான்காம் வகுப்பில் படித்த நதிகளின் பெயர்கள் மறந்துபோனால் பாதகமில்லை.

இந்தத் திறன் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் மருத்துவமனைகளுக்கு வந்த 395 பேரிடம் மருந்துப் புட்டிகளைக் கொடுத்து, லேபிளைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு புட்டியில் 'இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை' என்று இருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். சரி, அப்படியானால் ஒரு நாளைக்கு வேண்டிய மாத்திரையை எண்ணிக் காட்டுங்கள் என்றதும் நான்கு மாத்திரையை எடுத்துக் காட்டியவர்கள் 35 சதவீதம்தான். வாய் சொன்னதைக் கை செய்யவில்லை. டாக்டர் 'புரிஞ்சுதா?' என்று கேட்டிருந்தால் இவர்கள் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். இங்கே இருந்தது இருமல் மருந்து. சர்க்கரைக்கோ இதயத்துக்கோ போடும் மருந்தாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி சிகரெட் கதை. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950இல் பிரிட்டனில் காட்டினார்கள். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்னால் அமெரிக்காவில் புகைப்பதில் படித்தவர், படிக்காதவர் என்று பெரிய வேறுபாடு கிடையாது. டாக்டர்களே ஊதித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அறிக்கைக்குப் பிறகு எல்லாத் தரப்பிலும் புகைப்பது குறைந்தது என்றாலும், படித்தவர்களிடம் மளமளவென்று சரிந்தது. 2021இல் அமெரிக்கப் பட்டதாரிகளில் சுமார் 5 சதவீதம் பேர்தான் புகைத்தார்கள். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு அதற்கு ஈடான தேர்வை எழுதித் தேறியவர்களில் அது 30 சதவீதம். உண்மை வெளிவராதவரை இந்த இடைவெளி இல்லை. வெளிவந்த பிறகுதான் உண்டானது. சிகரெட் பெட்டியில் அபாய எச்சரிக்கை இருப்பது இன்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் அறிவு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. சுற்றியிருக்கும் நண்பர்களும் விட்டிருக்க வேண்டும், விடுகிற நாட்களில் வேலையும் வாழ்க்கையும் கொஞ்சம் தாங்கிக்கொள்ள வேண்டும். இவையும் படித்தவர்களுக்கே அதிகம் வாய்க்கின்றன.

சீக்கிரம் எட்டிப் பிடிப்பது என்றேன். பிடிப்பது பொய்யாக இருந்தால்? 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லான்செட்டில் எழுதினார். பிரிட்டனில் 2003 வாக்கில் இந்தத் தடுப்பூசி போடுபவர்களின் அளவு 80 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. வேகமாகப் பின்வாங்கியவர்கள் நன்றாகப் படித்த பெற்றோர்கள் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. பத்திரிகை படிப்பவர்கள், விசாரிப்பவர்கள், டாக்டரை எதிர்க்கேள்வி கேட்கத் தயங்காதவர்கள். கால்டுவெல் சொன்ன அதே துணிச்சல்தான் இங்கே தப்பான பக்கம் போய்விட்டது. கட்டுரையை லான்செட் திரும்பப் பெற்றபோது வருஷம் 2010 ஆகிவிட்டது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு நல்ல வேலையைத் தருகிறது, வேலை நல்ல வீட்டையும் சாப்பாட்டையும் காப்பீட்டையும் தருகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. கொஞ்சம் ஆச்சரியமானது பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மோட் பேசிய விஷயம். லண்டனில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, 17,000க்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. எல்லாரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள், யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. ஆனால் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மேல்மட்ட அதிகாரிகளைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் பெரும்பகுதி மிஞ்சியது. தன் வேலை மீது தனக்கே பிடி இல்லாத நிலை இதயத்தைத் தின்கிறது என்பது மார்மோட்டின் வாதம். ஒருவர் எந்தப் படியில் உட்கார்வார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அவர் படித்த படிப்பு.

அப்புறம் ஒரு நியாயமான சந்தேகம் இருக்கிறது. படிப்பு உடம்பைக் காக்கிறதா, அல்லது நல்ல உடம்போடும் நல்ல குடும்பத்தோடும் பிறந்தவர்கள்தான் அதிகம் படிக்கிறார்களா? இரண்டாவதும் உண்மைதான். 1909இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் நிதியில் ஓர் ஆணையம் தொடங்கியபோது, அங்கே பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேர் வயிற்றில் அந்தப் புழு இருந்தது. ரத்தசோகையில் சோர்ந்துகிடந்த பிள்ளைகள் அவர்கள். புழு அதிகம் இருந்த பகுதிகளில், ஒழிப்புக்குப் பிறகு பள்ளிச் சேர்க்கையும் வருகையும் எழுத்தறிவும் மற்ற இடங்களைவிட அதிகமாக உயர்ந்தன. ஆக, உடம்பும் படிப்பை இழுத்துக்கொண்டு வருகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அரசு திடீரென்று கட்டாயக் கல்வியை நீட்டும்போது, ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் பிறந்தவர்கள் குறைவாகப் படிப்பார்கள், பின்னால் பிறந்தவர்கள் கூடுதலாகப் படிப்பார்கள். மற்றபடி இரு தரப்பும் ஒன்றுதான். தைவான் 1968இல் கட்டாயக் கல்வியை 6 வருஷத்திலிருந்து 9 ஆக்கியது. அதனால் கூடுதலாகப் படித்த தலைமுறை பெற்றோரானபோது சிசு மரணம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. போட்ஸ்வானா 1996இல் பத்தாம் வகுப்பை எட்டுவதைச் சுலபமாக்கியது. அந்த மாற்றத்தால் கிடைத்த ஒவ்வொரு கூடுதல் பள்ளி ஆண்டும் எச்ஐவி தொற்றும் வாய்ப்பை 8 சதவீதப் புள்ளி குறைத்தது. அங்கே நான்கில் ஒருவருக்குத் தொற்று இருந்த காலம் அது.

பிரிட்டன் 1947இல் பள்ளியைவிட்டு விலகும் வயதை 14இலிருந்து 15 ஆகவும், 1972இல் 16 ஆகவும் உயர்த்தியது. டேமன் கிளார்க், ஹெதர் ராயர் இருவரும் 2013இல் இதை அலசினார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தார்கள், சம்பளமும் சற்றே கூடியது, ஆனால் ஆயுளில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

கல்வியின் பலனை நம்புகிறவர்கள் இந்த முடிவைப் பேசாமல் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தாண்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1948இலேயே எல்லாருக்கும் இலவச மருத்துவச் சேவை வந்துவிட்டது. குழாயில் சுத்தமான தண்ணீர் வந்தது, தடுப்பூசி தேடி வந்தது. தனியாக முயன்று பிடிக்க வேண்டியது குறைந்துபோன இடத்தில், எட்டிப் பிடிக்கும் திறனுக்கும் மதிப்பு குறைந்திருக்கும் என்பது என் ஊகம். போட்ஸ்வானாவில் நிலைமை தலைகீழ். எச்ஐவி புதிது, தப்பிக்கும் வழி ஒவ்வொருவரும் தானாகத் தெரிந்து கடைப்பிடிக்க வேண்டியதாக இருந்தது. ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிரிட்டன் மாணவனை இன்னும் ஒரு வருஷம் அதே பெஞ்சில் உட்காரவைத்ததையும், தைவானில் ஒரு பெண் முதல்முறையாக நடுநிலைப் பள்ளியில் காலடி வைத்ததையும் 'ஒரு வருஷப் படிப்பு' என்று ஒரே கணக்கில் எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மூளையின் விஷயம் கொஞ்சம் வேறு. அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியாஸ்திரீகள் ஆய்வில் 678 பேர் சேர்ந்தார்கள். ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, புகை கிடையாது, திருமணம் கிடையாது. அவர்கள் 22 வயதை ஒட்டி மடத்தில் சேரும்போது எழுதிக்கொடுத்த தன்வரலாற்றுக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. அதில் கருத்துச் செறிவோடு எழுதியவர்களுக்கு 60 வருஷம் கழித்து அல்சைமர் நோய் வந்தது குறைவு. இறந்தபின் ஆராய்ந்தபோது, சிலருடைய மூளையில் நோயின் அடையாளங்கள் நிறையவே இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தவரை அவர்கள் தெளிவாகப் பேசிக்கொண்டும் வேலை செய்துகொண்டும் இருந்திருக்கிறார்கள். சிறுவயதுப் படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது, தேய்மானம் தொடங்கும்போது அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம் என்று இதை விளக்குகிறார்கள். குறைந்த படிப்பை மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்றாக லான்செட் இதழ் அமைத்த நிபுணர் ஆணையமும் 2024இல் பட்டியலிட்டது.

படிப்பு உடம்பைக் கெடுக்கும் இடமும் ஒன்று உண்டு. கண். 2018இல் பிரிட்டனில் செய்த மரபணு ஆய்வின்படி, ஒவ்வொரு கூடுதல் வருஷப் படிப்பும் கிட்டப்பார்வையைச் சுமார் கால் டயாப்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் அலகு) கூட்டுகிறது. பட்டப்படிப்பு முடித்தவர், பள்ளியோடு நின்றவரைவிட ஒரு டயாப்டராவது கூடுதல் பவருள்ள கண்ணாடி போட வேண்டியிருக்கும். கண்ணாடி போட்ட ஆளைப் பார்த்ததும் 'படிச்சவர்' என்று நினைப்பதில் அறிவியலே இல்லாமல் இல்லை.

அமெரிக்காவில் இப்போது நடப்பது எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது. பொருளாதார அறிஞர்கள் ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் இருவரும் போட்ட கணக்கின்படி, 25 வயதைத் தொட்டவர்களில் பட்டம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான ஆயுள் இடைவெளி 1992இல் இரண்டரை வருஷம். 2021இல் அது எட்டரை. பட்டம் இல்லாதவர்களிடையே தற்கொலை, போதை மருந்து, குடியால் கெட்ட கல்லீரல் இவை மூன்றாலும் வரும் சாவுகள் ஏறிக்கொண்டே போனதை அவர்கள் 2015 முதலே எழுதி வந்தார்கள். பட்டம் பெறாதவர்களுக்கு அறிவு குறைந்துபோனதால் இது நடக்கவில்லை. கௌரவமான வேலையும் வேலையோடு சேர்ந்து வரும் மருத்துவக் காப்பீடும் பட்டம் உள்ளவர்களுக்கே என்று ஒரு நாடு கதவைச் சாத்தும்போது, அந்தக் காகிதமே ஆயுளைப் பங்குபோடத் தொடங்குகிறது. அங்கே எல்லாரையும் பட்டதாரி ஆக்குவதால் மட்டும் இது தீருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் இடைவெளியை மறுபக்கத்திலிருந்தும் குறைக்கலாம். எட்டிப் பிடிக்க வேண்டியதைக் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைப்பது அந்த வழி. 1983 முதல் 1993 வரை நடந்த ஒரு பெரிய சர்க்கரை நோய் ஆய்வில் 1441 பேர் இருந்தார்கள். அதன் தரவை டானா கோல்ட்மேனும் ஜேம்ஸ் ஸ்மித்தும் 2002இல் திரும்ப அலசினார்கள். வழக்கமான சிகிச்சையில் விடப்பட்டவர்களில் குறைவாகப் படித்தவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாக இருந்தது. மருத்துவக் குழு விடாமல் பின்தொடர்ந்து கவனித்த தரப்பில், குறைவாகப் படித்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது. மருந்து லேபிளிலும் இதே கதைதான். 'தினமும் இரண்டு வேளை' என்பதை எடுத்துவிட்டு 'காலையில் 2, மாலையில் 2' என்று எழுதினால் புரிந்துகொள்பவர்கள் அதிகரிக்கிறார்கள் என்று, முன்னே சொன்ன 2006 லேபிள் ஆய்வைச் செய்த குழுவினர் அடுத்தடுத்த ஆய்வுகளில் காட்டினார்கள்.

எழுத்தே தெரியாதவர்களிடமும் இது முடியும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த தண்ணீர். ஏறக்குறைய 1.2 கோடி வீடுகள். போய்ச் சொல்லிவிட்டு வந்ததற்கு ஊழியருக்குக் காசு கிடையாது. சில வாரம் கழித்து வேறொருவர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்ப்பார், கரைசலைச் செய்துகாட்டச் சொல்வார். அதைப் பொறுத்துத்தான் சம்பளம். அப்படியும் ஆரம்பத்தில் தெரிந்தவர்களில் பலர் பயன்படுத்தவில்லை. விசாரித்தால், கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களுக்கோ யாரும் எதுவும் சொல்லவே இல்லை. அதன் பிறகு ஊழியர்கள் தாய்மார்கள் முன்னால் அந்தக் கரைசலைத் தாங்களே குடித்துக் காட்டினார்கள். ஆண்களைச் சந்தையிலும் பள்ளிவாசலிலும் போய்ப் பார்த்துப் பேசினார்கள். பயன்பாடு உயரத் தொடங்கியது.